ரெட்டை போக ஒரு தும்மல்

எனக்கு நாய் ஒத்துக்கொள்ளாது என்பதைக் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை. நானேதான். அப்போது எனக்குப் பத்து வயது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மற்ற வீடுகளில் தும்மல் என்பது தும்மல். எங்கள் வீட்டில் அது தீர்ப்பு. அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தர். மார்டள்ளி கிராமத்திலிருந்து வேலைக்காக மைசூருக்கு வந்து, அக்ரஹாரத்தில் ஒரு சந்துக்குள் வாடகைக்குக் குடியேறியவர். ஊரிலிருந்து நிலத்தைக் கொண்டுவர முடியவில்லை. சகுனங்களை மட்டும் ஒன்று விடாமல் கொண்டுவந்துவிட்டார். வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி கிளம்பலாம். இரட்டைத் தும்மல் விழுந்தால் நல்லது, காரியம் கைகூடும். இதெல்லாம் சாதாரண வேலைகளுக்கு. கல்யாணப் பேச்சு மாதிரியான நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது ஒற்றை விழுந்துவிட்டால் தண்ணீர், டம்ளர் எதுவும் செல்லாது. அன்றைக்குப் பயணமே ரத்து.

எனக்கோ தும்மல் மூன்று மூன்றாக வந்தது.

அத்தையை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட முதல் தடவை கிளம்பிய அன்றைக்குத்தான் இது சபைக்கு வந்தது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை, வீட்டுப் பெரியவர்களுக்கு 'அம்மணி'. இருபத்தேழு வயது. ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை. நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் சந்துக்குள் கார் வராது என்பதால், மாப்பிள்ளை வீட்டார் கோயிலுக்கு வருவது, நாங்களும் அங்கே போய்விடுவது என்று ஏற்பாடு. எல்லோரும் வாசலில் நிற்கிறோம். அப்பா வலது காலை எடுத்து வெளியே வைக்கிறார். நான் தும்மினேன், மூன்று முறை.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். ஒற்றைக்கு விதி இருக்கிறது, இரட்டைக்கு விதி இருக்கிறது, மூன்றுக்கு அவர் கேள்விப்பட்டதில்லை. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். அத்தைதான் அவர் குழப்பத்தைத் தீர்த்துவைத்தாள்.

"ரெட்டை போக ஒண்ணு மிச்சம் நிக்குதேண்ணா."

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. செருப்பைக் கழற்றினார். கோயிலில் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், வராதவர்கள் வராமலே இருக்கட்டும் என்று வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

இதற்கு நாலு மாதம் முன்புதான் ராகி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. ஒரு மழை நாளில், அத்தை வேலைவிட்டு வரும்போது ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். பைக்குள் கேழ்வரகு நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. அம்மா அடுப்படிக்குள் மட்டும் அது வரக்கூடாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அடுப்படி தவிர மற்ற இடமெல்லாம் ராகிக்கு என்று நானும் அத்தையும் அதை அர்த்தப்படுத்திக்கொண்டோம். அது என் பாயில், என் போர்வைக்குள், என் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கியது. அந்த வயதில் அதைவிட உயர்ந்த பதவி எனக்கு எதுவும் தெரியாது.

கொஞ்ச நாளில் காலையில் எழுந்தால் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. கண் அரித்தது. ராகி நக்கிய மணிக்கட்டில் சின்னச் சின்னத் தடிப்புகள் வந்து, ஒரு மணி நேரத்தில் தானாக மறைந்தன. காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அப்பா, என்னை மண்டி மொஹல்லாவுக்கு அழைத்துப்போய் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தியதுதான் தப்பு என்றார். அம்மா, பக்கத்து வீட்டு ஃப்ரிஜ் தண்ணீர் என்றாள். ஊரிலிருந்து வந்த பெரியம்மா, கொய்யாப்பழம் என்றாள். எல்லாருடைய காரணத்துக்கும் ஒரே மருந்து, அம்மாவின் மிளகுக் கஷாயம். நாய் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தோட்டம் காட்டில் நாயோடு பிறந்து நாயோடு வளர்ந்தவர்கள் அவர்கள். நாய் கடிக்கும் என்று தெரியும், தும்ம வைக்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டாவது முறை, அப்பா அத்தையின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கொள்ளேகாலுக்குக் கிளம்பினார். அங்கே ஒரு வரன். நல்ல குடும்பம், நிலம் நீச்சு உண்டு, பெண் வேலையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்றார்கள். அதைப் பற்றியெல்லாம் எனக்கென்ன? அத்தை உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "கண்ணு, ராகியைத் தூக்கிட்டு வந்து அப்பாவுக்கு டாட்டா காட்டச் சொல்லு." தூக்கிக்கொண்டு ஓடினேன். ராகியின் முன்னங்காலைப் பிடித்து ஆட்டினேன். அது என் முகத்தை நக்கியது. அப்பா படியிறங்கும் நேரத்துக்குச் சரியாக மூன்று.

ஜாதகம் மறுபடி பீரோவுக்குள் போனது. மூன்றாவது வரனுக்கும் இதே கதை. அப்போதும் ராகி என் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் பெரியம்மா எனக்கு 'தும்மல்காரி' என்று பட்டம் கட்டினாள். விளையாட்டாக ஆரம்பித்தது, விளையாட்டாக நிற்கவில்லை. எதிர்வீட்டு அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது, தட்டு மாற்றும் நேரத்தில் என்னைப் பின்கட்டுக்குப் போய் விளையாடச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகளை யாரும் போகச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் துடைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன், ஒதுக்கிவைப்பார்கள் என்று நினைக்கவில்லை.

பெரியம்மா அதோடு விடவில்லை. அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மணிக்கு ஒரு எடம் அமையற வரைக்கும் இந்தப் புள்ளயை ஊருக்கு அனுப்பி வைங்க. தசரா லீவுதானே, எங்களோட இருக்கட்டும்."

தசரா லீவில் மார்டள்ளிக்கா! தசராவுக்கு உலகமே மைசூருக்கு வருகிறது. மைசூரில் இருக்கிற நான் அந்தப் பத்து நாளும் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமாம். யானைகள் ஒத்திகைக்கு வர ஆரம்பித்துவிட்டன, என் வகுப்பில் பாதிப் பேர் பார்த்தும் வந்துவிட்டார்கள். அப்பா மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். அப்பா தலையை ஆட்டினால் அது முடிந்த மாதிரிதான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். என் தும்மல் சகுனம் இல்லை, அதற்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ஆளாளுக்குச் சொன்ன காரணங்களை வரிசையாக எழுதினேன். முதல் நாள் கொய்யா சாப்பிடவில்லை, தும்மல் வந்தது. கொய்யாவை அடித்தேன். மறுநாள் ஃப்ரிஜ் தண்ணீர், அதையும் அடித்தேன். அம்மா ஏற்றிய ஊதுபத்திக்கு முன்னால் ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கால் மரத்துப்போனதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அப்பாவோடு வலியப் போய் மண்டி மொஹல்லாவில் மிளகாய்க் கடை முன்னால் மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். தொண்டை எரிந்தது, கடைக்காரர் முதல் கொண்டு எல்லோரும் தும்மினார்கள். என் வீட்டுத் தும்மல் அந்த ஜாதி இல்லை. அது அரிப்போடு வருவது.

பிறகு, உறவில் ஒரு காதுகுத்துக்காக மூன்று நாள் ஊருக்குப் போனோம். மூன்று நாளும் ஒரு தும்மல்கூட இல்லை. கோழி இருந்தது, மாடு இருந்தது, வைக்கோல் தூசி இருந்தது, கொய்யா இருந்தது, ஒன்றும் என்னைச் செய்யவில்லை. வீட்டுக்குத் திரும்பினோம். ராகி பாய்ந்து வந்து என் மேல் ஏறியது. கட்டிக்கொண்டேன். அப்பா பைகளை உள்ளே வைப்பதற்குள் மூன்று தும்மல்.

நோட்டில் 'ராகி' என்று எழுதிவிட்டு, உடனே அடித்தேன். நம்பப் பிடிக்கவில்லை. மறுநாள் பள்ளியிலிருந்து வந்து அதைத் தொடாமல் இருந்து பார்த்தேன். பிறகு தொட்டுப் பார்த்தேன். கையைக் கழுவிப் பார்த்தேன். கழுவாமல் கண்ணைத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு வாரம் முயன்றும் பதில் மாறவில்லை. அடித்த பெயரை மறுபடி எழுதும்போது அழுதுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராகி, நான் எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் என் கன்னத்தை நக்கி இன்னும் மூன்றைக் கூட்டியது.

முதலில் அத்தையிடம்தான் சொன்னேன். பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள், நோட்டைப் பார்த்ததும் மெச்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"இப்ப சும்னே இரு கண்ணு, யார்கிட்டயும் சொல்லாத. வெளிய சொன்னா ராகியை அனுப்பிருவாங்க."

அது உண்மைதான். நாலைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் தசரா நெருங்க நெருங்க எனக்கு ரோஷம் தாங்கவில்லை. ராகியும் போகக்கூடாது, நானும் போகக்கூடாது. அதற்கு வழியே இல்லாமலா போய்விடும்? யாரிடமும் சொல்லாதே என்றுதானே அத்தை சொன்னாள், டாக்டர் எப்படி 'யாரும்' ஆவார் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அம்மாவைத் தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் வயதானவர், கன்னடத்தில்தான் பேசுவார். என் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மூச்சை இழுத்துவிடச் சொல்லி முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு, பள்ளிக்கூடக் கன்னடத்தில் நான் எழுதியிருந்த நோட்டை வாங்கிப் படித்தார். ஊதுபத்திக்கு முன்னால் உட்கார்ந்த கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். நான் எழுதியது சரி, நாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, மூக்கோடும் கண்ணோடும் நிற்கிற லேசான ஒவ்வாமைதான் என்றார்.

"நாயை அனுப்பணுமா?" என்று நான் முந்திக்கொண்டேன்.

அனுப்பிவிட்டால் சுலபம், என்றார் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அனுப்பாமலும் சமாளிக்கலாம், ஆனால் நீ பிடிவாதக்காரியாக இருந்தால்தான் முடியும் என்றார். அவர் கேட்ட பொருள் என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. ராகி படுக்கிற அறைக்குள் வரவே கூடாது. அதைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கழுவும்வரை கை முகத்துக்குப் போகக்கூடாது. வாரம் ஒரு முறை அதைக் குளிப்பாட்ட வேண்டும், அதை நான் செய்யக்கூடாது. துடைப்பத்தால் பெருக்கினால் முடி பறக்கும் என்பதால் தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ரொம்பத் தொந்தரவாக இருந்தால் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை எழுதினார். மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் விசில் மாதிரிச் சத்தம் கேட்டாலோ அப்போதே ஓடி வர வேண்டும், அதற்குப் பிறகு பிடிவாதம் செல்லாது என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னார்.

வீட்டில் பெரிய மாநாடே நடந்தது. அப்பாவுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. "அப்ப அது சகுனத் தும்மல் இல்ல, நாய்த் தும்மல்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எந்தத் தும்மலாக இருந்தால் என்ன, வாசலில் விழுந்தால் விழுந்ததுதான் என்றாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. அடுத்த வரனுக்குக் கிளம்பும்போது தும்மல் இல்லாமல் இருந்தால் தசராவுக்கு நான் மைசூரில். தும்மினால் மார்டள்ளி.

எல்லோரும் என் நோட்டை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அத்தை மட்டும் நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை மீறிவிட்டேன் என்ற கோபமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை எந்தப் பெரியவரும் பட்டிருக்க மாட்டார். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அப்பா தகரம் போட்டு ராகிக்கு இடம் செய்துகொடுத்தார். என் பாயையும் போர்வையையும் அம்மா வெந்நீரில் போட்டு அலசினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை ராகியைக் குளிப்பாட்டும்போது நான் தள்ளி நின்று வாளியை மட்டும் நகர்த்தினேன். முதல் வாரம் முழுக்க அது அறைக் கதவைச் சுரண்டியது. உள்ளே பாயில் படுத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். கதவைத் திறந்தால் அதற்கும் கேடு, எனக்கும் கேடு என்று அதற்கு யார் புரியவைப்பது? திறக்கவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் அதோடு விளையாட ஒரு பழைய கவுனை ஒதுக்கிவைத்தேன். விளையாடி முடித்ததும் கவுனை வெளியே கொடியில் போட்டுவிட்டு, முழங்கை வரை கழுவி, முகம் கழுவித்தான் உள்ளே வருவேன். இரண்டு வாரத்தில் காலைத் தும்மல் நின்றது. கண் தெளிந்தது. மாத்திரை அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

தசராவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அடுத்த வரன் வந்தது. சேலத்து மாப்பிள்ளை. அவர்களும் பெண் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, அதே கோயில். இதற்காகவே பெரியம்மா ஊரிலிருந்து மறுபடி வந்துவிட்டாள்.

நான் முதல் நாள் சாயங்காலமே ராகியைத் தொடுவதை நிறுத்திவிட்டேன். காலையில் தலைக்குக் குளித்தேன். பீரோவின் மேல்தட்டிலிருந்து, நாய் வாசனையே அறியாத பாவாடை சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல் ஓரமாக நின்றேன். அப்பாவும் அம்மாவும் பெரியம்மாவும் பழத்தட்டோடு சந்தில் இறங்கிவிட்டார்கள். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. மூன்று பேரின் கண்ணும் என் மூக்கின் மேல்தான்.

அத்தை பச்சைப் பட்டுப்புடவையில் வந்தாள். ஒரு காலில் செருப்பை மாட்டினாள். மறு செருப்பை மாட்டாமல் என்னைப் பார்த்தாள்.

"ராகி எங்க கண்ணு?"

"பின்னாடி கட்டியிருக்குது அத்தை. நேத்துல இருந்து தொடவே இல்ல."

"அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தர்றேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் போனாள். அப்பா நேரமாகிறது என்று கத்தினார். அவள் திரும்பி வந்தபோது பச்சைப் பட்டின் முந்தானை முழுக்கப் பழுப்பு முடி. நேரே வந்து, குனிந்து, என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அத்தை அப்படியெல்லாம் கொஞ்சுகிறவள் அல்ல. என் முகம் அந்த முந்தானைக்குள் புதைந்தது. அவள் விடவில்லை.

மூக்கின் அடியில் அது கிளம்பியது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன். மேலுதட்டைப் பல்லால் கடித்தேன். கால் விரல்களை மடக்கித் தரையில் ஊன்றினேன். யானைகளை நினைத்துக்கொண்டேன், முதலில் அம்பாரி சுமக்கிற யானை, பின்னால் ஒவ்வொன்றாக. முதலாவது வந்து திரும்பிப் போயிற்று. இரண்டாவது கண்ணில் நீராக வழிந்தது. மூன்றாவதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். தொண்டையில் அது இறங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஜெயித்துவிட்டேன். முகத்தை நிமிர்த்தி, எல்லாப் பல்லும் தெரிய அத்தையைப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் கை மெல்லத் தளர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்துச் சுவரோரமாகச் சேர்த்து வைத்தாள்.

"நான் வரலீங்கண்ணா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். "யாருமே தும்மலையே அம்மணி?"

"யாரும் தும்மல. எனக்கு இஷ்டமில்ல. நான் வேலையை விட மாட்டேன்."

ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார். எங்கள் வீட்டில் அன்றைக்கு வரைக்கும் தும்மல் இல்லாமல் யாரும் ஒரு பயணத்தை நிறுத்தியது கிடையாது. அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் நடந்த சத்தமும், பெரியம்மா கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனதும், அப்பா அத்தையோடு பேசாமல் இருந்து ஒரு நாள் தானாகவே பேசியதும் தனிக் கதை. எனக்கு அதிலெல்லாம் அக்கறையில்லை. எனக்கு என் கோபமே பெரிதாக இருந்தது.

ஒப்பந்தப்படி என்னை மார்டள்ளிக்கு அனுப்பவில்லை. தசரா ஊர்வலத்துக்கு அத்தைதான் ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் நான் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உயிரைக் கொடுத்து மூன்று தும்மலை விழுங்கியிருக்கிறேன், அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? கடைசியில் பொறுக்க முடியாமல் அவள் முதுகைப் பார்த்துக் கேட்டே விட்டேன்.

"போக இஷ்டமில்லன்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, நான் தாராளமாத் தும்மியிருப்பேன்ல அத்தை?"

அத்தை வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஹாண்டில் மேல் குனிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தாள், என்னை இழுத்து அணைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைக்கத் துடைக்க நீர் வந்துகொண்டே இருந்தது. அத்தைக்கும் நாய் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.